பொத்தான் இல்லாத ஆரஞ்சுக் கோட்டு

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆம்பளைகளுக்குப் புதுச் சட்டை வாங்கினால், அது உடம்பில் ஏறுவதற்கு முன் என் வீட்டுக்கு வரும். தையல் மெஷின் வைத்திருப்பவள் நான். வந்த சட்டையின் பொத்தான்களை அறுத்து எடுப்பது என் வேலை. புதுச் சட்டையில் பொத்தானை ஏன் அறுக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மீன்பிடி போட்டிலிருந்து வலை இறங்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். வலை சரசரவென்று ஓடும். ஒரு கண்ணி பொத்தானில் மாட்டினால் சட்டையோடு ஆளும் கடலுக்குள் போக வேண்டியதுதான். அதனால் பொத்தானை எடுத்துவிட்டு, முன்பக்கத்தைச் சேர்த்துத் தைத்து, தலைவழியாக மாட்டிக்கொள்கிற மாதிரி செய்து கொடுப்பேன். அறுத்த பொத்தான்கள் என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. குப்பத்துப் பிள்ளைகள் போட்டிருக்கிற கவுன்களில் எல்லாம் அதுகளின் அப்பன்மார் சட்டைப் பொத்தான்தான்.

சட்டையில் இன்னொரு விஷயமும் உண்டு. காலையில் போட்டுகள் திரும்புகிற நேரம் நாங்கள் பொம்பளைகள் அன்னக்கூடைகளோடு கரையில் நிற்போம். அவ்வளவு தூரத்தில் முகமா தெரியும்? நிறம்தான் தெரியும். பச்சைச் சட்டை இன்னார் வீட்டுக்காரர், கோடு போட்ட பனியன் இன்னார் மகன் என்று ஒவ்வொருத்தியும் ஒரு நிறத்தை மனசில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருப்போம். நம்ம நிறம் கண்ணில் பட்டுவிட்டால் மூச்சு சீராகும். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் நிற்கிறவளோடு சண்டை போடவே தெம்பு வரும்.

என் வீட்டுக்காரரிடம் ஒரு மெரூன் ஸ்வெட்டர் இருந்தது. பதினோரு வருஷம் குளிர்காலமெல்லாம் நான் அந்த மெரூனைத்தான் தேடினேன். அவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் இருந்தது. போட்டு கரையை நெருங்கி, அலை உடைகிற இடத்துக்கு வரும்போது மற்றவர்கள் எல்லாம் உட்கார்ந்து எதையாவது பிடித்துக்கொள்வார்கள். இவர் மட்டும் சரியாக அந்த நேரம் பார்த்து எழுந்து நிற்பார். "உக்காருய்யா! யோவ், உக்காரு!" என்று நான் கரையிலிருந்து தொண்டை கிழியக் கத்துவேன். அவர் காதில் விழாது. கரைக்கு வந்ததும் கேட்டால், "வழி பாக்க வேணாமா?" என்பார். வழி பார்க்கத்தான் இன்ஜின்காரர் பின்னால் இருக்கிறாரே, உனக்கு என்ன வேலை என்பேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று குப்பத்துக்கே தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து தினமும் ஒரே சண்டை, ஒரே பதில்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வாடைக்காற்றில் ஸ்வெட்டர் நனைந்து, நனைந்த ஸ்வெட்டரோடே அஞ்சாறு மணி நேரம் நின்றால் வேறு என்ன ஆகும்? பொன்னேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: "அடுத்த குளிர்ல நெஞ்சு நனையாம, காத்து படாம எதையாவது போட்டுக்கிட்டுப் போறதா இருந்தா கடலுக்குப் போகட்டும். இல்லேன்னா குளிர் முடியற வரைக்கும் வீட்டுல உட்காரட்டும்."

நல்ல டாக்டரம்மாதான். ஆனால் இவர் வீட்டில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வந்த முதல் வாரமே என் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, தையல் கோணலாகப் போகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். சமையலறையில் மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் டப்பாக்களை எல்லாம் உயரப்படி வரிசையாக அடுக்கினார். ஒரு வாரம் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குழம்பில் காப்பித்தூளைப் போட்டேன். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் நான் கருவாடு எடுக்கக் கரைக்குப் போனபோது, இவர் மணலில் தனியாக உட்கார்ந்து மற்றவர்கள் வலை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோடும் பேசவில்லை. இந்த மனுஷனை அடுத்த மார்கழியிலும் இப்படி உட்கார வைக்கக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஸ்வெட்டர் அதற்குள் செத்துப்போயிருந்தது. துவைக்கும்போது கை தனியாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. பதிலுக்கு ரப்பர் மழைக்கோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். "உள்ளாற இட்லி மாதிரி அவியறன்மே" என்று இரண்டாம் நாளே கழற்றி வீசினார். அப்போதுதான் சென்னையில் வேலை செய்கிற எங்கள் மகள் போனில் படம் அனுப்பினாள்.

"நைனாவுக்கு இது வாங்கும்மா. ஸாஃப்ட்ஷெல் ஜாக்கெட்டுனு பேரு. காத்த உள்ள வுடாது, சாரல் தாங்கும், வேர்வை வெளியே பூடும். கடலுக்கும் போடலாம், கல்யாணத்துக்கும் போடலாம்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இவர் அத்தனையையும் விட்டுவிட்டுக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்துக்குமா?" என்றார். பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது. "ஜாக்கெட்டுன்றது நீ தெக்கிறது. நான் அதப் போட்டுக்கினு போனா போட்டுல ஒருத்தன் என்ன மதிப்பானா?" அதனால் அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்குக் கோட்டு என்று பெயர்.

கடலுக்குப் போகாத ஒரு நாள் பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று சென்னைக்குப் போனோம். மகள் சொன்ன கடை ஒரு பெரிய மாலுக்குள் இருந்தது. இவர் கையில் ஒரு மஞ்சள் பை. வாசலில் செக்யூரிட்டி அதைத் தடவிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்துவிட்டார் பாவம்.

"பையில என்ன?"

"வலை."

"வலையா? எதுக்கு?"

"கோட்டு வாங்க வந்துகீறோம்."

அவர் எங்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார், இதைப் பற்றி யாரும் தனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது போல உள்ளே விட்டுவிட்டார்.

கடையில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் மாறாத சிரிப்பு. "ட்ரெக்கிங் போறீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை, கடலுக்கு என்றதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு கோட்டை எடுத்து விரித்து, இது மேல்ஓடு மாதிரி காப்பாற்றும், ஆனால் மெத்தென்று இருக்கும் என்றார்.

"ஓடு கழட்டின நண்டு மாதிரியா?" என்று இவர் கேட்டார். "அத்த கடல்ல எது வோணா துன்னுட்டுப் பூடுமே."

"சார், இது தண்ணி தாங்கும்."

"நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

சிரிப்பு கொஞ்சம் மாறியது. நான் தையல்காரி, எனக்குப் பேச்சு வேண்டாம். கோட்டை வாங்கி உட்புறம் திருப்பி, தையலைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தேன். துணி நல்ல துணி. உள்ளே மெல்லிசாகப் பஞ்சு மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. மேலே தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தேன். சொட்டுகள் உருண்டு கடைத் தரையில் விழுந்தன. "மேடம், மேடம்" என்று அவர் ஓடிவந்தார்.

அதற்குள் இவர் மஞ்சள் பையிலிருந்து வலைத்துண்டை எடுத்துவிட்டார். விஷயத்தைக் கடைக்காரருக்கு விளக்கினார்: நீங்க கோட்டப் போட்டுக்கினு நில்லுங்க, நான் வலைய உங்க மேல போட்டு இழுக்கறன், எது மாட்டுதுன்னு பாக்கலாம். அவர் நல்ல மனுஷன். நின்றார். வலையை வீசி இழுத்ததும் முதலில் மாட்டியது கோட்டு இல்லை, அவர் கழுத்து அட்டை. "கடல்ல இருந்தா நீங்க இந்நேரம் பூட்டிருப்பீங்க" என்று இவர் சந்தோஷமாகச் சொன்னார். அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். முதல் கோட்டில் மணிக்கட்டில் ஒட்டுகிற பட்டி மாட்டியது. அது வலையைப் பிடித்தால் விடவே மாட்டேன் என்றது. இரண்டாவதில் தலைமூடியின் கயிறு மாட்டியது. மூன்றாவதில் ஜிப்பின் வால், நான்காவதில் பாக்கெட்டின் ஜிப்பின் வால். வேறு வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். இவர் வலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி நின்றார்.

ஐந்தாவது கோட்டுக்குத் தலைமூடி இல்லை. ஜிப்பின் மேல் முழுசாக ஒரு மடிப்பு. கை நுனியில் வெறும் எலாஸ்டிக். பாக்கெட் உள்பக்கம். வலை மேலிருந்து கீழ்வரை எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடி வந்தது. கடைக்காரரே கை தட்டிவிட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில்தான் சண்டை ஆரம்பித்தது. அந்தக் கோட்டு சாம்பல், கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறத்தில் இருந்தது. இவர் சாம்பல் நிறத்தைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று வயிற்றை உள்ளே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரஞ்சை எடுத்து நீட்டினேன்.

"இன்னாமே இது? நான் இன்னா மிதவையா?"

"ஆமாய்யா, மிதவைதான். தண்ணி கலர்ல ஒண்ணு மாட்டிக்கினு போனா நான் உன்ன எங்கன்னு தேடுவேன்?"

குரல் கொஞ்சம் பெரிதாகவே போய்விட்டது. படம் எடுத்தவர்கூடப் போனை இறக்கிவிட்டார். இவர் சாம்பலைக் கழற்றி மடித்துவைத்தார், நன்றாக மடிக்கத் தெரியாது, சுருட்டி வைத்தார். ஆரஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டார்.

வாங்கும்வரை வேண்டாம் வேண்டாம் என்ற மனுஷன், வாங்கின பிறகு கழற்றவே இல்லை. புரட்டாசி வெயிலில் ரேஷன் கடைக்கு அதைப் போட்டுக்கொண்டு போனார். கேட்டால், வேர்வை வெளியே போகிறதா என்று சோதிக்கிறாராம். அனுப்பம்பட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஸ்டேஷனில் நின்றிருந்தோம். ஆரஞ்சைப் பார்த்து ரயில்வே ஆள் என்று நினைத்து ஒரு பெரியம்மா வந்து, "பீச் ஸ்டேஷன் போற வண்டி எப்பப்பா வரும்?" என்று கேட்டார். இவர் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். "அஞ்சு நிமிசத்துல வந்துடும்மா" என்றார். வந்தும் தொலைத்தது. அதற்குப் பிறகு நாலு பேர் வந்து கேட்டார்கள். ஒருவரிடம் தண்டவாளத்தின் பக்கம் போக வேண்டாம் என்று இவராகவே எச்சரித்தார். எங்கள் வண்டி வந்தபோது என்னைக் கைகாட்டி ஏற்றிவிட்டுத்தான் அவர் ஏறினார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கார்த்திகை பாதியில் வாடை தொடங்கியது. முதல் குளிர் நாளில் கரைக்குப் போய் நின்று ஆரஞ்சைத் தேடுகிறேன், காணோம். போட்டு கிட்டே வந்த பிறகு பார்த்தால், கிழிந்த பழைய சட்டையில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு எழுந்து நிற்கிறார். கோட்டு வீட்டில் பீரோவுக்குள் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

"மீன் நாத்தம் ஏறிடும்மே. ஆரம்பாக்கத்துல கல்யாணம் கீதுல்ல?"

எனக்கு வந்ததே கோபம்! டாக்டரம்மா சொன்னது என்ன, நாம் சென்னை போனது என்ன, அந்தக் கடைக்காரர் வலைக்குள் நின்றது என்ன! பேசிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தது. நேராக உள்ளே போய்க் கோட்டை எடுத்துவந்தேன். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த காரப்பொடி மீன் கருவாட்டில் இரண்டு கை அள்ளி, அவர் கண் முன்னாலேயே கோட்டின் நெஞ்சிலும் இரண்டு கையிலும் நன்றாகத் தேய்த்தேன்.

"இப்ப ஏறிடுச்சு நாத்தம். எடுத்துக்கினு கடலுக்குப் போ."

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் காலை கடலும் வானமும் ஒரே சாம்பலாகக் கிடந்தபோது, வெகுதூரத்தில் பொட்டு வைத்த மாதிரி ஓர் ஆரஞ்சு தெரிந்தது. அப்பாடா என்று நான் சொன்னது பக்கத்துக் குப்பத்துக்கே கேட்டிருக்கும். நெஞ்சு நனையவில்லை, இருமல் இல்லை. ஆரம்பாக்கம் கல்யாணத்துக்கு எலுமிச்சம்பழம் போட்டு மூன்று தடவை அலசிக் கொடுத்தேன். இருந்தும் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, இந்த வீட்டுக் கல்யாணத்தில் மீன் போடுகிறார்களா என்று இவரிடமே கேட்டாராம்.

அத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. என் வாய் சும்மா இருந்ததா? கரையில் நின்றுகொண்டு, "பாருங்கடி, எங்க வூட்டு ஆளு எம்மாந்தூரத்துல தெரியறாருன்னு" என்று தினமும் பெருமை பேசினேன். பத்தே நாளில் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி, ஒரு பையோடு வந்தாள். உள்ளே ஓர் ஆரஞ்சுக் கோட்டு. பொன்னேரி பஜாரில் வாங்கினாளாம். அடுத்த வாரம் இன்னும் மூன்று வீட்டில். ஆக மொத்தம் கடலில் ஐந்து ஆரஞ்சு. காலையில் போட்டுகள் வரும்போது எந்த ஆரஞ்சு என் ஆரஞ்சு என்று தெரியாமல் நான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"வேற கலரே கெடைக்கலியாடி உங்களுக்கு?" என்று ஓரகத்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க வூட்டு ஆளு மட்டும் தெரிஞ்சா போதுமாக்கா? எங்க வூட்டு ஆளு தெரிய வாணாமா?"

யாராவது நியாயம் பேசினால் எனக்குக் கோபம் இரண்டு பங்காகும். அவள் கோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். நிறத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார்களே தவிர, யாரும் வலையை எடுத்துக்கொண்டு போகவில்லை. தலைமூடியில் இரண்டு கயிறு தொங்குகிறது, கயிற்று நுனியில் கட்டைவிரல் அளவுக்கு இரண்டு பிளாஸ்டிக் குண்டு. கத்தரிக்கோலை எடுத்தேன். "அய்யய்யோ வாணாம்க்கா, அதான் ஸ்டைலுன்னு எங்க வூட்டு ஆளு சொல்றாரு. நாலு நாள் போட்டுக்கட்டும், அப்பால குடுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் பெரிய ஒழுங்கு இல்லை. எங்கள் கோட்டில் ஜிப்பை மூடுகிற மடிப்பு, துவைத்துத் துவைத்து, கீழே இரண்டு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. ஐந்து நிமிஷத் தையல். பொங்கலுக்கு ஊர் ரவிக்கை எல்லாம் என் மெஷின் மேல் குவிந்து கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போகிக்கு இரண்டு நாள் முன்னால் காலையில் காற்று திடீரென்று ஏறியது. கரையில் எங்கள் முந்தானை எல்லாம் படபடவென்று அடித்தது. போட்டுகள் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்களில் ஒருத்திக்குப் போன் வந்தது. போட்டிலிருந்து அவள் தம்பி. ஒரே காற்றுச் சத்தம். "ஆரஞ்சுக் கோட்டு ஒண்ணு வலையோட தண்ணிக்குள்ள பூட்ச்சு" என்பது மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டது. "எந்த ஆரஞ்சுடா? டேய், எந்த ஆரஞ்சு?" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். மறுபடி போட்டால் போகவே இல்லை.

அந்தக் கரையில் ஆரஞ்சுக்காரிகள் ஐந்து பேர் நின்றோம். ஒருத்தி அம்மனைக் கூப்பிட்டாள். ஒருத்தி மணலில் உட்கார்ந்துவிட்டாள். என் கையை யாரோ நசுக்குகிற மாதிரி இருந்தது. பார்த்தால் ஓரகத்தி. ஒரு போட்டுக்கு ஏதாவது ஆனாலும் ஒருத்தராவது மிஞ்சட்டும் என்று எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி ஒரே போட்டில் போவதில்லை. போனது அவள் ஆளா, என் ஆளா என்று எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு பயம். "கயித்த வெட்ட வந்தியேக்கா, வந்தியேக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எனக்குள் அந்த இரண்டு விரல் மடிப்பு பிரிந்துகொண்டே போனது. பாவி, ஐந்து நிமிஷம் உனக்கு இல்லாமல் போயிற்றா? எவளோ பொங்கலுக்குப் போடுகிற ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாயே, கட்டினவன் கோட்டுக்கு ஒரு தையல் போட்டாயா? எனக்கு என் மேலேயே அவ்வளவு கோபம் அதுவரை வந்ததில்லை.

போட்டுகள் தெரிந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு வந்தன. ஐந்து பேரும் வாய்விட்டு எண்ணினோம். ஒரு ஆரஞ்சு. இரண்டு. மூன்று. அப்புறம் ரொம்ப நேரம் கழித்து நான்கு. அதற்குமேல் இல்லை. நான்கு பேரும் குனிந்து, பக்கத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் யார் என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். என் கண்ணில் தண்ணீர் வேறு. அந்தக் கடைக்காரர் கைதட்டியதை நினைத்தேன், ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை.

அலை உடைகிற இடம் வந்தது. மூன்றாவது போட்டில் ஓர் ஆரஞ்சு எழுந்து நின்றது.

அந்தக் காற்றில், அந்த அலையில், எந்த மடையன் எழுந்து நிற்பான்? "உக்கா..." என்று பழக்கத்தில் கத்த ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர்தான். வேறு யாரும் இல்லை, அவரேதான். ஆடி விழப்போய், சமாளித்து, மறுபடி நேராக நின்றார். அப்படியே மணலில் உட்கார்ந்தேன்.

ஓரகத்தி உட்காரவில்லை. அவள் ஆரஞ்சைக் காணோம். அவள் போட்ட கூச்சலில் கடைசியாக வந்த போட்டை யாருமே கவனிக்கவில்லை. அதில் நீலத் தார்ப்பாய் சுற்றின ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது. கரை தட்டியதும் அந்த மூட்டை பல் தந்தியடிக்க எழுந்து, "கோட்டு பூட்ச்சுமே, புதுக் கோட்டு!" என்றது. என் கொழுந்தன்தான். வலை இறங்கும்போது அந்த ஸ்டைல் கயிற்றின் குண்டு கண்ணியில் மாட்டி ஆளை இழுத்திருக்கிறது. கூட இருந்தவர்கள் கயிற்றை அறுக்க எட்டாமல், கோட்டைக் கத்தியால் கிழித்து உரித்து, ஆளை மட்டும் தூக்கியிருக்கிறார்கள். ஓரகத்தி அவரை இரண்டு கையாலும் அடி அடி என்று அடித்தாள், அடித்துக்கொண்டே கட்டிக்கொண்டு அழுதாள். ஊரே பார்க்கிறது என்று கொழுந்தனுக்கு வெட்கம். தார்ப்பாய் வேறு நழுவிக்கொண்டிருந்தது.

என் ஆள் போட்டைத் தள்ளி மேலேற்றிவிட்டு ஆடி அசைந்து வந்தார். நெஞ்சு காய்ந்திருக்கிறதா என்று கோட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பிரிந்த மடிப்பு அப்படியேதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அறிவு கீதாய்யா உனக்கு? இந்தக் காத்துல எந்திரிச்சு நிக்கிறியே, வுழுந்தா இன்னா ஆவறது? வழி பாக்க இன்ஜின்காரரு கீறாரு, உனக்கு இன்னா வேலை அங்க?"

அவர் காதைச் சொறிந்தார். தம்பியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"வழியாவது மண்ணாவது. நீ தேடிக்கினு நிப்பேன்னுதான்மே எந்திரிச்சு நிக்கறன். அல்லாட்டி எனக்கு இன்னா வேண்டுதலா?"

இத்தனை வருஷம். ஒரு நாள்கூட இந்த மனுஷன் இதைச் சொல்லவில்லை. நானும் தினம் தவறாமல் திட்டியிருக்கிறேன். "வூட்டுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூடையை எடுக்க மறந்துவிட்டுப் பாதி தூரம் நடந்தேன்.

அன்று மத்தியானமே கோட்டுகள் எல்லாம் என் வீட்டுக்கு வந்துவிட்டன. யாரும் ஸ்டைல் பற்றி வாய் திறக்கவில்லை. கயிறுகளை வெட்டினேன், ஒட்டுப்பட்டிகளைப் பிய்த்தேன், ஜிப்பின் வால்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நூலைக் கட்டினேன். பிளாஸ்டிக் குண்டுகள் பொத்தான் டின்னுக்குள் போயின. பிறகு, ஒரு ஆரஞ்சுக்கும் இன்னொரு ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே, ரவிக்கை வெட்டின மிச்சத் துணியில் பட்டை எடுத்து முதுகிலும் நெஞ்சிலும் குறுக்காகத் தைத்தேன். ஒருவருக்குக் கிளிப்பச்சை, ஒருவருக்கு ராமர் நீலம், ஒருவருக்கு மாம்பழ மஞ்சள். எங்கள் கோட்டின் மடிப்பை எல்லாவற்றுக்கும் முதலில் தைத்திருந்தேன், மூன்று ஓட்டுத் தையல்.

இவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். தையல் கோணல் என்று சொல்லவில்லை. கடைசிக் கோட்டை நான் மடித்து வைத்ததும் மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு இன்னா கலர் பட்ட?"

"உனக்கு ஒண்ணும் வாணாம்யா. நீ எப்பவும் போல எந்திரிச்சு நில்லு, போதும். ஒரு கையால எதையாவது புடிச்சிக்கினு நில்லு."